கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் நீராற்றல்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெற்ற தங்க அகழ்வில், உயரத்திலிருந்து இறங்கும் நீரே முதன்மையான ஆற்றல் மூலமாக விளங்கியது. சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளில் இந்நீர் தொடக்கத்தில் மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும், பின்னர் அழுத்தத்துடன் பீய்ச்சி மலைகளையே கரைக்கவும், அதன் பின்னர் சக்கரங்களைச் சுழற்றி எந்திரங்களை இயக்கவும், இறுதியாக மின்சாரம் உற்பத்தி செய்யவும் பயன்பட்டது. மலையைக் கரைக்கும் முறை நீர்விசைச் சுரங்கமுறை எனப்படுகிறது. இம்முறை கீழ்நிலங்களுக்கு விளைவித்த சேதம் காரணமாக 1884 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதற்குத் தடையாணை பிறப்பித்தது. எனினும், அதே பீய்ச்சுநீரைப் பயன்படுத்தும் முயற்சியில் உருவான பெல்ட்டன் சக்கரம் இன்றும் உலகெங்கும் நீர்மின் நிலையங்களில் இயங்கி வருகிறது.

பின்னணி

கலிபோர்னியாவில் தங்கம் கண்டறியப்பட்ட நிகழ்வே நீராற்றலுடன் தொடர்புடையது. 1848 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள், கொலோமா என்னுமிடத்தில் ஜான் சட்டருக்காக அமெரிக்கன் ஆற்றின் கரையில் நீரால் இயங்கும் மரம் அறுக்கும் ஆலை ஒன்றை ஜேம்ஸ் மார்ஷல் கட்டிக்கொண்டிருந்தார். ஆலைச் சக்கரத்தில் இருந்து நீர் வெளியேறும் வாய்க்காலை ஆழப்படுத்துவதற்காக இரவில் நீரைத் திறந்துவிட்டு, காலையில் வாய்க்காலைப் பார்வையிட்டபோது அவர் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அதாவது, பாயும் நீர் மண்ணை அடித்துச் சென்று தங்கத்தை மட்டும் விட்டுச்சென்றிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெரும் பொருட்செலவில் செய்யப்பட்டதும் இதே வேலைதான்.

இதற்கான காரணம் தங்கத்தின் அடர்த்தி ஆகும். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3; மணலில் பெரும்பகுதியாக உள்ள படிகக்கல்லின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.65. நீரோட்டம் மணலைத் தூக்கிச்செல்லும் வேகத்தில் தங்கம் அடியில் தங்கிவிடும். அரிசியை நீரில் அரிக்கும்போது கல் பாத்திரத்தின் அடியில் தங்குவதும் இதே தத்துவத்தின்படியே. முதலில் வந்தவர்கள் தட்டுகளில் ஆற்று மணலை அரித்தனர். பின்னர் தொட்டில் போல் ஆட்டப்படும் பெட்டிகளும், அதன் பின்னர் அடியில் குறுக்குச் சட்டங்கள் பொருத்தப்பட்ட நீண்ட மரத்தொட்டிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. சரளை கலந்த நீர் தொட்டியில் ஓடும்போது தங்கம் சட்டங்களுக்கிடையே படியும். நுண்ணிய தங்கத் துகள்களைப் பிடிப்பதற்காகச் சட்டங்களுக்கிடையே பாதரசம் ஊற்றப்பட்டது.

தங்கத்துக்காக மலையை நீரால் உடைப்பது புதிய எண்ணம் அன்று. எசுப்பானியாவில் உள்ள லாஸ் மெடுலாஸ் என்னுமிடத்தில் உரோமானியர் மலையினுள் சுரங்க வழிகளைக் குடைந்து, தேக்கிவைத்த நீரைத் திறந்துவிட்டு மலைப்பகுதிகளைச் சரித்தனர். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி தமது நூலில் இம்முறையை விவரித்துள்ளார். ஆனால் உரோமானியர் நம்பியது நீரின் அளவை. கலிபோர்னியர் நம்பியது குழாயினுள் அடைபட்ட நீரின் அழுத்தத்தை.

நீரைக் கொண்டுவருதல்

ஆற்றுப்படுகைகளில் எளிதாகக் கிடைத்த தங்கம் சில ஆண்டுகளிலேயே குறைந்துவிட்டது. எஞ்சிய தங்கத்தின் பெரும்பகுதி, பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஓடி மறைந்த தொல்லாறுகளின் சரளைப் படிவுகளில் இருந்தது. நிலம் உயர்ந்ததாலும் இன்றைய ஆறுகள் ஆழமாக அறுத்துச் சென்றதாலும், இப்பழைய படுகைகள் இன்று மலைமுகடுகளில் அமைந்துள்ளன. தங்கம் மேலே, ஆறு கீழே என்ற இந்நிலையே கலிபோர்னியச் சுரங்கத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

நீரை மேலே ஏற்றுவதற்கு மாறாக, இன்னும் உயரத்தில் உள்ள பனி உருகும் ஓடைகளில் இருந்து மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்தனர். இவ்வாய்க்கால்கள் ஒரு மைலுக்குச் சில அடிகளே தாழுமாறு அமைக்கப்பட்டன. பாறைச் சரிவுகளில் மரப்பலகைகளாலான கால்வாய்கள் தாங்குகால்களின் மேல் கொண்டுசெல்லப்பட்டன. 1850களின் முடிவுக்குள் பல ஆயிரம் மைல் நீளமான வாய்க்கால்கள் வெட்டப்பட்டுவிட்டன. இவ்வேலைகளில் சீனத் தொழிலாளர் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். இந்நிலங்களில் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்த நிசெனான் முதலிய பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டதும் இக்காலத்திலேயே.

வாய்க்கால் நிறுவனங்கள் நீரைச் சுரங்கத்தாருக்கு விலைக்கு விற்றன. இதற்காகச் 'சுரங்க அங்குலம்' என்ற அலகு வழங்கியது. குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் நிற்கும் பெட்டியில் உள்ள ஒரு சதுர அங்குலத் துளை வழியே வெளியேறும் நீரின் அளவே இது. துளைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுபட்டதால், அலகும் ஊருக்கு ஊர் மாறுபட்டது. 1901 ஆம் ஆண்டில்தான் கலிபோர்னியச் சட்டம் இதை நிமிடத்துக்கு 1.5 கன அடி, அதாவது ஏறத்தாழ 42 லிட்டர், என வரையறுத்தது.

நீருரிமை பற்றிய சட்டமும் மாறியது. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி ஆற்றங்கரை நிலத்துக்கு உரியவருக்கே ஆற்றுநீரில் உரிமை உண்டு. சுரங்கத்தாரோ நீரை ஆற்றிலிருந்து பல மைல்களுக்கு அப்பால் கொண்டுசென்றனர். 1855 ஆம் ஆண்டில் இர்வின் எதிர் பிலிப்ஸ் என்ற வழக்கில், முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை எனக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களின் நீர்ச்சட்டத்தில் இக்கொள்கை இன்றும் முக்கிய இடம் பெறுகிறது.

நீர்விசைச் சுரங்கமுறை

1852 ஆம் ஆண்டில் நெவாடா சிட்டி என்ற ஊருக்கு அருகே (இவ்வூர் கலிபோர்னியாவில் உள்ளது, நெவாடா மாநிலத்தில் அன்று) ஆந்தனி சாபோ என்பவர் தடித்த துணியாலான குழாய் வழியே நீரை இறக்கித் தமது சரளை மண்ணைக் கழுவினார். அடுத்த ஆண்டில் எட்வர்ட் மாட்டசன் என்பவர் குழாயின் நுனியில் குறுகலான உலோகக் குழல்முனையைப் பொருத்தி, வெளிப்படும் நீர்த்தாரையை நேரடியாக மண்மேட்டின் மீது பாய்ச்சினார். மண்வெட்டியும் கடப்பாறையும் கொண்டு பலர் பல நாள்கள் செய்யும் வேலையை ஒரு குழாய் ஒரே நாளில் செய்தது. சரியும் மண்ணுக்கு அடியில் நின்று தோண்ட வேண்டிய ஆபத்தும் குறைந்தது.

துணிக் குழாய்க்கு மாறாக இரும்புத் தகட்டுக் குழாய்கள் வந்தபின் அழுத்தம் பெருகியது. 1870களில், எல்லாப் பக்கமும் திருப்பக்கூடிய மூட்டுகளுடன் கூடிய பெரிய நீர்ப்பீரங்கிகள் உருவாக்கப்பட்டன. இவை 'மானிட்டர்' எனவும் 'லிட்டில் ஜயண்ட்' எனவும் அழைக்கப்பட்டன. எதிர் எடை கட்டப்பட்ட இப்பீரங்கியை ஒரே ஆள் இயக்க முடிந்தது.

இதன் வலிமையை எளிய கணக்கால் அறியலாம். h உயரத்திலிருந்து இறங்கும் நீர், உராய்வு இழப்பைப் புறக்கணித்தால், 2gh இன் வர்க்கமூல அளவிலான வேகத்துடன் வெளிப்படும். h என்பது 100 மீட்டர் எனில், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர். மணிக்கு 160 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழல்முனையின் விட்டம் 15 சென்டிமீட்டர் எனில், நொடிக்கு ஏறத்தாழ 780 லிட்டர் நீர் வெளிப்படும். இத்தாரையின் திறன் 770 கிலோவாட்டை, அதாவது 1000 குதிரைத்திறனை ஒட்டியது. பெரிய சுரங்கங்களில் இத்தகைய பல பீரங்கிகள் இரவும் பகலும் இயங்கின. எரிபொருள் செலவு எதுவும் இல்லை.

இம்முறையின் பொருளாதாரமும் இதில்தான் அடங்கியிருந்தது. பல இடங்களில் ஒரு கன கஜச் சரளையில் கிடைத்த தங்கத்தின் மதிப்பு 10 சென்ட் அளவே. அவுன்சு 20.67 டாலர் என்ற அன்றைய விலையில் இது 0.15 கிராம் தங்கம். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட மண்ணைக் கரைத்து 0.15 கிராம் எடுப்பது, மண்ணைக் கரைப்பதற்கும் அகற்றுவதற்கும் ஏறக்குறையச் செலவே இல்லாதபோது மட்டுமே ஆதாயம் தரும். கரைப்பதை நீர்வீழ்ச்சி செய்தது. அகற்றுவதை ஆறு செய்தது. ஆற்றின் இச்சேவைக்கான விலையைச் சுரங்க நிறுவனங்கள் தம் கணக்கேடுகளில் எழுதவில்லை.

மாலகாஃப் சுரங்கம்

1866 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நார்த் புளூம்ஃபீல்டு சரளைச் சுரங்க நிறுவனத்தின் மாலகாஃப் சுரங்கம் இவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பொறியாளர் ஆமில்டன் ஸ்மித் இதன் பணிகளை வழிநடத்தினார். சியராவின் உயரத்தில் பௌமன் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, அங்கிருந்து வாய்க்கால் வழியே நீர் வந்தது. கரைத்த மண்ணை வெளியேற்றுவதற்காகக் குழியின் அடியிலிருந்து யூபா ஆற்றின் பக்கமாகப் பாறையில் ஏறத்தாழ 8000 அடி (2.4 கிலோமீட்டர்) நீளமான சுரங்கவழி குடையப்பட்டு 1874 ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. நீண்ட வாய்க்காலில் எங்கேனும் உடைப்பு ஏற்பட்டால் உடனே மதகை அடைக்க வேண்டியிருந்தது. எனவே 1870களின் பிற்பகுதியில், இப்பகுதியின் நீர் நிறுவனங்கள் பிரெஞ்சு கோரல் என்ற ஊரிலிருந்து மலையுச்சி ஏரி வரை 58 மைல் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி அமைத்தன. தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

சுரங்கம் விட்டுச்சென்ற குழி ஏறத்தாழ 7000 அடி நீளமும் 3000 அடி அகலமும், மிக ஆழமான இடத்தில் 600 அடியை ஒட்டிய ஆழமும் கொண்டிருந்தது. அதிலிருந்து அகற்றப்பட்ட மண் ஏறத்தாழ 4.1 கோடி கன கஜம்.

மண்கழிவும் வழக்கும்

இம்மண் முழுவதும் யூபா, பேர், அமெரிக்கன் முதலிய ஆறுகளில் இறங்கியது. மலைப்பகுதியில் வேகமாக ஓடும் ஆறு சமவெளியை அடைந்ததும் வேகம் குறைந்து மண்ணைப் படியவிட்டது. யூபா ஆறும் ஃபெதர் ஆறும் கூடும் இடத்தில் உள்ள மேரிஸ்வில் நகரில் ஆற்றுப்படுகை ஆண்டுதோறும் உயர்ந்து, இறுதியில் நகரத் தெருக்களை விட மேலே சென்றது. நகரைச் சுற்றி வெள்ளத்தடுப்புக் கரை எழுப்பப்பட்டது. படுகை உயர உயரக் கரையும் உயர்த்தப்பட்டது. 1875 சனவரியில் வெள்ளம் கரையைக் கடந்து நகருக்குள் புகுந்தது. ஆற்றோர வயல்களும் பழத்தோட்டங்களும் மணலுக்கு அடியில் புதைந்தன. சாக்ரமெண்டோ ஆற்றில் படகுப் போக்குவரத்து இடர்ப்பட்டது.

ஆனால் மேரிஸ்வில் நகர வணிகர்களுக்கு நெடுநாள் வாழ்வளித்ததே மலைச் சுரங்கங்களுடனான வணிகம்தான். எனவே உழவர்களின் முறையீட்டில் நகரத்தார் தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. தமது தெருவுக்கு வெள்ளம் வந்தபின்னரே நிலை மாறியது. 1870களின் பிற்பகுதியில் மண்கழிவு எதிர்ப்புச் சங்கம் உருவாகி, வழக்குகளுக்கு நிதி திரட்டியது. மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் என்பவர் நார்த் புளூம்ஃபீல்டு நிறுவனத்துக்கும் பிற சுரங்கங்களுக்கும் எதிராக ஐக்கிய அமெரிக்க வட்டார நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

நீதிபதி லொரென்சோ சாயர் 1884 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் தீர்ப்பளித்தார். 1850 ஆம் ஆண்டில் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்து, சில காலம் சுரங்கத்தில் தாமே வேலை செய்தவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது. தீர்ப்பு நீர்விசைச் சுரங்கமுறையைத் தடை செய்யவில்லை. மண்கழிவை ஆறுகளில் விடுவதையே நிரந்தரமாகத் தடை செய்தது. ஆனால் கழிவைக் கொட்ட வேறு இடம் இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே முடிந்தன. தடைக்குப் பின்னரும் சிலர் மறைவாக இயங்கினர். அவர்களைக் கண்டறியச் சங்கம் கண்காணிப்பாளர்களை மலைக்கு அனுப்பியது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு தொடர்பாக எழுந்த முதல் முக்கியத் தீர்ப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

1893 ஆம் ஆண்டின் கமினெட்டி சட்டம், கழிவைத் தடுக்கும் அணைகளைக் கட்டுவோருக்கு மட்டும் உரிமம் வழங்க வழிசெய்தது. எனினும் தொழில் பழைய நிலையை மீண்டும் அடையவில்லை.

நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1917 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சுரங்கங்களால் ஆறுகளில் சேர்ந்த மண்கழிவு 150 கோடி கன கஜத்துக்கும் மேல். பனாமா கால்வாய்க்காகத் தோண்டப்பட்ட மண்ணைப் போல் ஏறத்தாழ 8 மடங்கு இது என அவர் ஒப்பிட்டுள்ளார். இக்கழிவின் ஒரு பகுதி சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை சென்று படிந்தது.

பாதரசத்தின் அளவும் பெரியது. கலிபோர்னியாவின் சரளைத் தங்கச் சுரங்கங்களில் இருந்து ஏறத்தாழ 1 கோடி பவுண்டு (4500 டன்) பாதரசம் சுற்றுச்சூழலில் கலந்ததாக ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறை மதிப்பிட்டுள்ளது. இது நீரில் மெத்தில் பாதரசமாக மாறி மீன்களின் உடலில் சேர்கிறது.

பெல்ட்டன் சக்கரம்

தங்கம் சரளையில் மட்டுமன்றிப் பாறை நரம்புகளிலும் இருந்தது. கிராஸ் வேலி, நெவாடா சிட்டி ஆகிய ஊர்களில் இத்தகைய ஆழ்சுரங்கங்கள் இயங்கின. பாறையை இடித்துத் தூளாக்கும் உலக்கை ஆலைகளுக்கும், பளுத்தூக்கிகளுக்கும், நீரிறைப்பான்களுக்கும் ஆற்றல் தேவைப்பட்டது. நீராவி எந்திரங்களுக்கு விறகு வெட்டி வெட்டிச் சுற்றுவட்டாரக் காடுகள் குறைந்து, விறகின் விலை ஏறியது. உயர் அழுத்த நீரோ ஏற்கெனவே வாய்க்கால்களில் கைவசம் இருந்தது.

தொடக்கத்தில் சக்கரத்தின் விளிம்பில் தட்டையான பலகைகளைப் பொருத்தி, அவற்றின் மீது நீர்த்தாரையைப் பாய்ச்சினர். பலகையில் மோதும் நீர் பக்கவாட்டில் சிதறும். தாரையின் வேகத்தில் பாதி வேகத்தில் பலகை நகரும்போது திறன் உச்சத்தை அடையும். அப்போதும் நீரின் ஆற்றலில் பாதிக்கு மேல் சக்கரத்துக்குக் கிடைக்காது. இது கோட்பாட்டளவிலான எல்லை. நடைமுறையில் இன்னும் குறைவு.

ஒகையோவில் 1829 ஆம் ஆண்டில் பிறந்து, 1850 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்கு வந்த லெஸ்டர் ஆலன் பெல்ட்டன், கேம்ப்டன்வில் பகுதியில் தச்சராகவும் ஆலை அமைப்பவராகவும் வேலை செய்தவர். அச்சில் இருந்து நழுவிய ஒரு சக்கரத்தில், தாரை கிண்ணத்தின் நடுவில் விழாமல் விளிம்பில் விழுந்தபோது சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுழன்றதை அவர் கவனித்ததாகச் சொல்லப்படுகிறது. மாட்டின் மூக்கில் பட்ட நீர்த்தாரை இரண்டாகப் பிரிந்து திரும்பியதைக் கண்டு அவர் இதை உணர்ந்தார் என வேறொரு கதையும் உண்டு. எதுவாயினும், விளைந்த வடிவமைப்பு தெளிவானது: நடுவில் கூரிய தடுப்புடன் கூடிய இரட்டைக் கிண்ணம். தடுப்பில் விழும் தாரை இரண்டாகப் பிளந்து, இரு கிண்ணங்களின் வளைவிலும் சுழன்று, வந்த திசைக்கு ஏறக்குறைய எதிர்த் திசையில் திரும்புகிறது. தாரையின் பாதி வேகத்தில் கிண்ணம் நகர்ந்தால், வெளியேறும் நீருக்கு வேகம் ஏறக்குறைய எஞ்சாது. அதன் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்கு வந்துவிடும். எல்லை 50 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டை நெருங்குகிறது.

பெல்ட்டன் இதற்கு 1880 ஆம் ஆண்டு அக்டோபர் 26 ஆம் நாள் காப்புரிமை பெற்றார். 1883 ஆம் ஆண்டில் கிராஸ் வேலியின் ஐடகோ சுரங்க நிறுவனம் நடத்திய போட்டியில் பெல்ட்டன் சக்கரம் 90.2 விழுக்காடு வினைத்திறனைக் காட்டியது. அடுத்து வந்த சக்கரத்தின் வினைத்திறன் 76.5 விழுக்காடு. அடுத்த ஆண்டில் சாயர் தீர்ப்பு வந்தது. மலையைக் கரைப்பதற்காக வெட்டப்பட்ட வாய்க்கால்களுக்கு இவ்வாறு வேறு வேலை கிடைத்தது.

கிராஸ் வேலியின் நார்த் ஸ்டார் சுரங்கத்தில் பொறியாளர் ஆர்தர் டி விண்ட் ஃபுட் 1890களில் 30 அடி விட்டமுள்ள பெல்ட்டன் சக்கரத்தை நிறுவினார். ஈரமான ஆழ்சுரங்கத்தில் மின்சாரம் ஆபத்தானது எனக் கருதிய அவர், இச்சக்கரத்தைக் கொண்டு காற்றை அழுத்திக் குழாய் வழியே சுரங்கத்துக்கு அனுப்பினார்.

மின்னாற்றல்

பிற சுரங்கங்கள் அந்த அச்சத்தைக் கைவிட்டன. கொலராடோ மாநிலத்தின் டெலுரைடு அருகே, எரிபொருள் செலவால் மூடப்படும் நிலையில் இருந்த கோல்டு கிங் சுரங்கத்துக்காக எல். எல். நன் என்பவர் 1891 ஆம் ஆண்டில் ஏம்ஸ் நீர்மின் நிலையத்தை அமைத்தார். பெல்ட்டன் சக்கரத்தால் இயங்கிய வெஸ்டிங்ஹவுஸ் மின்னாக்கி, 3000 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டத்தை ஏறத்தாழ 2.6 மைல் தொலைவில் இருந்த சுரங்கத்துக்கு அனுப்பியது. தொழிற்பயன்பாட்டுக்காக மாறுதிசை மின்சாரம் அனுப்பப்பட்ட முதல் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. கலிபோர்னியாவின் போடி நகரில் உள்ள ஸ்டாண்டர்டு சுரங்கம் 1892-93 இல் 13 மைல் தொலைவிலிருந்து மின்சாரம் பெற்றது. மின்சாரம் வளைவுகளில் திரும்பாது என்ற அச்சத்தில் அக்கம்பி நேர்க்கோட்டில் போடப்பட்டதாக ஒரு கதை வழங்குகிறது.

இதே தேவை இந்தியாவிலும் இருந்தது. மைசூர் சமத்தானத்தின் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்கள் நீராவியால் இயங்கிவந்தன. நிலக்கரியும் விறகும் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் அமைக்கப்பட்ட நீர்மின் நிலையத்திலிருந்து 1902 ஆம் ஆண்டு சூன் 30 ஆம் நாள் 147 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்றாக இது விளங்கியது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆம் ஆண்டில்தான். வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களில் இருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக இருந்த இச்சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

எச்சங்கள்

மாலகாஃப் குழி 1965 ஆம் ஆண்டு முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக உள்ளது. குழியின் வெளிறிய சுவர்கள் இன்னும் மழையில் கரைந்து வருகின்றன. நார்த் ஸ்டார் சுரங்கத்தின் 30 அடிச் சக்கரம் கிராஸ் வேலியில் உள்ள அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. 1921 ஆம் ஆண்டில் உருவான நெவாடா பாசன மாவட்டம், பழைய சுரங்க வாய்க்கால்கள் பலவற்றை வேளாண்மைக்கும் குடிநீருக்கும் பயன்படுத்தி வருகிறது.

யூபா ஆற்றில் மண்கழிவைத் தேக்குவதற்காக 1941 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆங்கில்பிரைட் அணைக்குப் பின்னால் அம்மண் இன்றும் கிடக்கிறது. அதனுடன் பாதரசமும் உள்ளது. அந்நீர்த்தேக்கத்தில் பிடிக்கும் மீன்களில் எவற்றை எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு மாநில அரசு வரம்பு விதித்து அறிவுறுத்தல் வெளியிட்டுள்ளது.